மூன்று முழம் வெள்ளை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சாமிக்கண்ணுவுக்குப் பேய், ஆவி என்றால் கொள்ளை ஆசை. ஆசைதான், பயமில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார், நம்புகிறவர்கள் நம்பலாம். அந்தக் கடையின் மாடி அறையில் அவருடைய அக்காள் கணவர் திருநாவுக்கரசு உட்கார்ந்திருப்பார். ரயில்வேயில் காணாமல்போன சரக்கு மூட்டைகளைப் பற்றி விசாரிக்கிற வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது கல்யாண மாப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்துச் சொல்கிறார். மூட்டையாவது பரவாயில்லை, பிரித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்பது அவருடைய கருத்து.

2012 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு ஒரு பெண் அந்த மாடிக்கு ஏறி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முக்காடு, ஒரு கையில் துணிக்கடைப் பை, இன்னொரு கையில் ஏழு வயதுப் பெண் குழந்தை. குழந்தையை ஜன்னலோரம் நிறுத்தி, "சஃபியா, எத்தனை பஸ் போவுதுன்னு எண்ணிக்கினு இரும்மா" என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து மேசைமேல் வைத்தாள். 

"சார், இந்தத் துணி என் பிள்ளைக்குச் சரியா இருக்கு," என்றாள் தணிந்த குரலில். "அவ தூங்குறப்ப பக்கத்துல வெச்சு அளந்து பாத்தேன். தலைக்கு மேல ஒரு நாலு விரல், காலுக்குக் கீழ ஒரு நாலு விரல். முடிச்சுப் போட."

டீ கொண்டு வந்த சாமிக்கண்ணு அப்படியே நின்றார். "எதுக்கும்மா முடிச்சு?"

"கபன் துணிங்க. எங்கள்ல செத்தவங்க மய்யத்துக்குச் சுத்தி அடக்குவாங்களே, அது."

சாமிக்கண்ணு டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இனி அவரை அங்கிருந்து கிளப்ப முடியாது.

அவள் பெயர் நஜியா. சிதம்பரம் மேல வீதியில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை. தாத்தா அபுபக்கர் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு புவனகிரி வரைக்கும் போய் விற்றவர். மகன் அப்துல்லா காலத்தில் அது 'அபுபக்கர் ஜவுளி' என்று பெரிய கடையாயிற்று. நஜியா கல்யாணமாகி ரியாத்துக்குப் போனவள். கணவர் இன்னும் அங்கேதான். தாயார் இறந்ததும், தகப்பனாரைத் தனியாக விட மனமில்லாமல், 2008-ல் குழந்தையோடு திரும்பி வந்தாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. வேட்டி, துண்டு, லாங் கிளாத் எல்லாம் பரணுக்குப் போயின. ஏசி வந்தது, சுடிதார் வந்தது, கண்ணாடிக்குள் பொம்மைகள் நின்றன. 'நஜியா ஃபேஷன்ஸ்' என்று போர்டு மாறியது. அண்ணாமலை நகர் காலேஜ் பெண்கள் தீபாவளிக்குக் கூட்டமாக வந்து போனார்கள்.

"தானே புயல் அடிச்சு அப்ப மூணு வாரம் இருக்கும் சார். ஒரு நாள் காலையில கடையைத் திறக்குறேன். தாத்தா காலத்து மர மேசை ஒண்ணு பின்னாடி கெடக்கு. அதுமேல இந்த மாதிரி ஒரு துணி. பக்கத்துல மூணு நாடா, ஒரு கட்டி கற்பூரம். யாரோ மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் இன்னொரு நாள். அப்புறம் இன்னொரு நாள். எல்லாம் ஒரே அளவு."

"தினமும் கடையைத் திறக்கறது நீங்கதானா?"

"இல்ல சார். கோவிந்தசாமி அண்ணன். நாப்பது வருஷமா எங்ககிட்ட இருக்காரு. அவரு லீவு போட்ட மூணு நாளும்தான் நான் திறந்தேன். அந்த மூணு நாளும்தான் துணி இருந்துச்சு. அப்ப எனக்கு என்ன தோணும்? போன சனிக்கிழமை சாவியை வாங்கிட்டேன்."

"வாங்கின பிறகு?"

நஜியா ஜன்னலோரம் நின்ற மகளைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமையிலேருந்து தினமும் இருக்கு சார்."

 சாமிக்கண்ணு தன் முழங்கையைத் தடவிக்கொண்டார்.

வீட்டில் யார் யார் என்று திருநாவுக்கரசு கேட்டார். கடைக்குப் பின்னால்தான் வீடு. நடுவில் ஒரு முற்றம். தகப்பனார் அப்துல்லா, அவருடைய தங்கை அமீருன்னிசா மாமி, நஜியா, சஃபியா. நாலே பேர். கடையில் பாதி மாமியின் பங்கு. சென்னைக்காரர்கள் யாரோ பெரிய ஷோரூம் போடுவதற்காகக் கடையை விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்று மாமி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"மாட்டவே மாட்டேன்னு இருந்தேன் சார். இப்ப சரின்னுட்டேன். சனிக்கிழமை கையெழுத்து. போட்டுட்டு இவளைத் தூக்கிக்கினு ரியாத்துக்கே போயிடுவேன். என் பிள்ளையைவிட கடை பெருசா? ஆனா யாருன்னு தெரியாம போனா, அங்க போயும் எனக்குத் தூக்கம் வராது."

---

அன்று மத்தியானமே மூன்று பேரும் குழந்தையோடு சிதம்பரம் பஸ்ஸில் போனார்கள். வழி நெடுகப் புயலில் விழுந்த பலா மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. பாதி ஊர்களில் மின்கம்பங்கள் இன்னும் சாய்ந்தபடியே நின்றன. சாமிக்கண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே பெரிய செய்தி.

கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, குள்ளமாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். சாவியைப் பிடுங்கிய பிறகும் தினமும் வந்து உட்கார்கிற கோவிந்தசாமி அவர்தான். நஜியாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே நாலு பொம்மைகள் ஜரிகைச் சுடிதார் போட்டுக்கொண்டு நின்றன. ஒன்றுக்கும் தலை கிடையாது. இப்போது அதுதான் ஃபேஷனாம். அவற்றைத் தாண்டிப் பின்னால் போனால், அந்த வெளிச்சத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பழைய மர மேசை. அதன் பக்கத்தில் வெள்ளைத் தொப்பியோடு நல்ல உயரமாக ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவ்வளவு நீளக் கை. அப்துல்லா அவர்தான்.

வந்தவர்களைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எத்தனை பேரு?" என்றார்.

"ரெண்டு பேர் பாய்," என்றார் திருநாவுக்கரசு.

"பெரியவங்களா?"

சாமிக்கண்ணு சிரித்துவிட்டார். "பாத்தா தெரியலையா பாய்? ரெண்டு பேரும் பெரியவங்கதான்."

பெரியவர் சிரிக்கவில்லை. "காலையில வாங்க. ரெடியா இருக்கும்," என்றார்.

நஜியா கூச்சத்தோடு திருநாவுக்கரசின் பக்கம் வந்தாள். "அத்தாவுக்குக் கொஞ்ச நாளா மறதி ஜாஸ்தி சார். தைக்கக் குடுக்க வந்தவங்கன்னு நெனச்சுட்டாரு."

"இருக்கட்டும்மா," என்ற திருநாவுக்கரசு, மேசையோரம் தொங்கிய சிவப்பு ரிப்பன் சுருளைக் காட்டினார். "பாய், பேத்திக்கு அதுல மூணு முழம் குடுங்க."

அப்துல்லா முகம் மலர்ந்துவிட்டது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ரிப்பனைப் பிடித்து மூன்று தடவை அளந்தார். இந்த நாளில் எந்தக் கடையில் முழம் போட்டு அளக்கிறார்கள் என்று சாமிக்கண்ணு வேடிக்கை பார்த்தார். திருநாவுக்கரசு ரிப்பனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

அமீருன்னிசா மாமி முற்றத்தைத் தாண்டி வந்தார். அண்ணனின் தோளுக்குக்கூட எட்டாத உருவம், ஆனால் பேச்சு கடைத்தெரு வரைக்கும் கேட்கும். "போலீசு, டிடெக்டிவு எல்லாம் எதுக்கு? இது எங்க அத்தாதான். அபுபக்கர் ராவுத்தர் இருந்த எடத்துல தலையில்லாத பொம்மையை நிறுத்துனா அவுரு ரூஹு சும்மா இருக்குமா? அந்த மேசை அவுரு மேசை. வித்துட்டுப் போயிடுங்கன்னு சொல்றாரு."

"ஆவி கற்பூரம் வாங்குமாங்க?" என்றார் திருநாவுக்கரசு.

 சாமிக்கண்ணுவிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது, மாமா முறைத்ததால் விழுங்கிக்கொண்டார்.

முற்றத்துப் பக்கக் கதவைத் திருநாவுக்கரசு பார்த்தார். பூட்டு கிடையாது. வீட்டுப் பக்கமிருந்தே தள்ளித் திறக்கிற வெறும் தாழ்ப்பாள். கோவிந்தசாமியைக் கூப்பிட்டு, சாவி அவரிடம் இருந்த நாட்களில் மேசைமேல் ஏதாவது துணி பார்த்தாரா என்று கேட்டார். "இல்லீங்க," என்றார் கோவிந்தசாமி. சொல்லும்போது அவர் கண் ஒரு நொடி பரண்மேல் போய் வந்தது.

"மச்சான், மேல ஏறிப் பாரு," என்றார் திருநாவுக்கரசு.

சாமிக்கண்ணு ஏணி வைத்து ஏறினார். மேலே பொம்மைகள் வந்த அட்டைப் பெட்டிகள், பழைய போர்டு, லாங் கிளாத் கட்டு ஒன்று. "வெள்ளைத் துணி இங்கதான் மாமா. தலகாணி அளவுக்கு ஒரு கட்டு இருக்கு."

"தலகாணி அளவா?" நஜியா நிமிர்ந்து பார்த்தாள். "புயலுக்கு மறுநாள் ஒழுகுதான்னு பாக்க நானே மேல ஏறுனேன். பிரிக்காத கட்டு அது. ஒரு ஆளு தூக்க முடியாது."

திருநாவுக்கரசு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நாலு. அதற்கு முன்னால் மூன்று. ஏழே ஏழு குழந்தைத் துணி போனால் அவ்வளவு பெரிய கட்டு இப்படி இளைக்குமா? அதை அவர் அப்போது யாரிடமும் கேட்கவில்லை.

---

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் போன் வந்தது. நஜியா மூச்சு வாங்கினாள். "சார், இன்னிக்கு ஏழு துணி. ஒண்ணு எப்பவும் இருக்குற சின்னது. மீதி ஆறும் பெருசு. எங்கள்ல ஆம்பளைன்னா ஆளுக்கு மூணு துணி. ரெண்டு ஆம்பளைக்கு வெட்டி வெச்சிருக்கு."

திருநாவுக்கரசு போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். சாமிக்கண்ணுவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"மாமா, நேத்து அந்தக் கடைக்குப் போனது எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு."

"ரெண்டும் ஆம்பளை."

"ஆமா."

"நான் இன்னிக்கு வரலை மாமா. கடையில லேமினேஷன் வேலை கெடக்கு."

ஆனாலும் வந்தார். பேய் ஆசை என்று பத்து வருடமாகச் சொல்லி வந்தவர் பின்வாங்கினால் மஞ்சக்குப்பத்தில் தலை காட்ட முடியாதே.

மேசைமேல் அந்த ஏழு துணிகளும் கிடந்தன. திருநாவுக்கரசு விளிம்பை விரலால் நீவினார். கத்தரி பட்ட சுவடே இல்லை. கையால் கிழித்தது, நூல் பிசகாமல் நேராகக் கிழித்தது. டேப் எடுத்து அளந்தார். சின்னது ஐம்பத்தெட்டரை அங்குலம். பெரியது தொண்ணூற்றேழரை. ஆறும் அதே தொண்ணூற்றேழரை. பிறகு பையிலிருந்து நேற்று வாங்கிய சிவப்பு ரிப்பனை எடுத்து அதையும் அளந்தார். அளந்ததும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "மச்சான், பரண்ல அந்தப் பொம்மைப் பெட்டிங்களைப் பிரிச்சுப் பாரு," என்றார்.

முதல் பெட்டியில் ஒரு பொம்மை படுத்திருந்தது. இரண்டாவது பெட்டியின் மூடியைத் தூக்கியதும் ஐந்து விரல்கள் வெளியே நீட்டின. சாமிக்கண்ணு ஏணியோடு சாயப் பார்த்தார். பொம்மையின் கை அது. அதற்கு அடியில் பெட்டி நிறைய வெள்ளைத் துணிகள், ஒவ்வொன்றும் அழகாக மடித்து, நாடாவும் கற்பூரமும் உள்ளே வைத்து. எல்லாம் சின்னது. எண்ணிப் பார்த்தார்கள், இருபத்தாறு இருந்தது.

நஜியா அதைப் பார்த்ததும் முற்றத்துக்கு ஓடி மகளைத் தூக்கிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்குவது எளிதா என்ன, ஆனாலும் இறக்கவே இல்லை. "ஒரே ஒரு பிள்ளைக்கு எத்தனை தடவை சார் வெட்டுவாங்க?" என்றாள். அவள் அழுததைப் பார்க்கச் சாமிக்கண்ணுவுக்கே பொறுக்கவில்லை.

"உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதும்மா. நாளைக்கு ஜும்ஆத் தொழுகை முடிஞ்சதும் எல்லாரையும் இங்க உக்கார வைங்க," என்றார் திருநாவுக்கரசு. "கோவிந்தசாமியையும் கூப்பிடுங்க. அத்தா பள்ளிவாசல்லேருந்து வர்றதுக்குள்ள பேசிடலாம்."

---

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி. கடை ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. மேசையின் ஒரு பக்கம் நஜியா, மடியில் சஃபியா. எதிரே அமீருன்னிசா மாமி. கோவிந்தசாமி உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரம் நின்றார். அன்றைய சின்னத் துணி மேசைமேலேயே இருந்தது. தலையில்லாத பொம்மைகள் நாலும் இவர்கள் பக்கம் திரும்பி நிற்பதுபோல் சாமிக்கண்ணுவுக்குப் பட்டது.

"முதல்ல சாவி," என்று ஆரம்பித்தார் திருநாவுக்கரசு. "கோவிந்தசாமி லீவு போட்டா துணி வருது, அவர் வந்தா வரலை. அதனால அவர்மேல சந்தேகம். சாவியை வாங்கினீங்க. அப்ப துணி நின்னிருக்கணும். மாறா தினமும் வந்துச்சு. அப்படின்னா சாவிக்காரர் துணியை வைக்கிற ஆள் இல்ல. எடுக்கிற ஆள்."

கோவிந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"புயலுக்கு அப்புறம் கிட்டத்தட்ட தினமும் யாரோ துணி வைக்கறாங்க. இவர் எல்லாருக்கும் முன்னாடி வந்து கடையைத் திறந்து, அதை எடுத்துப் பொம்மைப் பெட்டியில ஒளிச்சிருக்காரு. லீவு போட்ட நாள்ல எடுக்க ஆளில்லாம நீங்க பாத்துட்டீங்க. கட்டு இளைச்சிருக்கறதைப் பாத்தப்பவே மீதித் துணி எங்கயோ இருக்குன்னு தெரிஞ்சுது. நாப்பது வருஷ ஆளு, வேலையே போனாலும் வாயைத் திறக்கலை. யாருக்காக அப்படி இருப்பாரு?"

 மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அடுத்தது அளவு. ஐம்பத்தெட்டரை, தொண்ணூற்றேழரை. மீட்டர் கம்பியில அளந்தா இப்படி ஒரு கணக்கு வராது. ரெண்டையும் பத்தொன்பதரையால வகுத்துப் பாருங்க. சின்னது மூணு, பெருசு அஞ்சு, மிச்சம் இல்லாம வரும். பொதுவா முழம்னா பதினெட்டு அங்குலம். இது பத்தொன்பதரை. அப்படின்னா நல்ல நீளமான கை ஒண்ணு இதை முழம் போட்டு அளந்திருக்கு. மாமி கையும் கோவிந்தசாமி கையும் அந்த நீளம் வராது." அவர் சிவப்பு ரிப்பனை மேசைமேல் வைத்தார். "இது முந்தாநேத்து நான் வாங்கினது. மூணு முழம். ஐம்பத்தெட்டரை அங்குலம்."

நஜியாவுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. "அத்தாவா?" என்றாள். "அத்தா எம்பிள்ளைக்குக் கபன் கிழிச்சாரா?"

"உங்க பிள்ளைக்கு இல்லம்மா. நாங்க வந்தப்ப உங்க அத்தா ஒரு கேள்வி கேட்டாரு, ஞாபகம் இருக்கா? எத்தனை பேருன்னு கேட்டாரு. நான் ரெண்டுன்னேன். பெரியவங்களான்னு கேட்டாரு. இவன் ஆமான்னான். காலையில ரெடியா இருக்கும்னாரு. சொன்னபடி ரெடியா இருந்துச்சு. அவர் கேட்டது எங்களைப் பத்தி இல்ல. எத்தனை மய்யத்துன்னு கேட்டிருக்காரு."

சாமிக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டார். தான் சிரித்தது அவருக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு வர்றப்ப முற்றத்துக் கதவு வழியா உள்ள வந்துடறாரு. வீட்டு மனுஷன்தானே, யாரு கவனிப்பா? அது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆனா நாங்க கேட்டது ரெண்டு பெரியவங்களுக்கு. யாரும் கேட்காமலே தினமும் ஒரு சின்னப் பிள்ளைக்குக் கிழிக்கறாரே, அது யாரு? அது எனக்குத் தெரியலை. கோவிந்தசாமி, அதை நீங்கதான் சொல்லணும்."

 கோவிந்தசாமி நஜியாவைப் பார்த்துப் பேசினார்.

"நீ அப்ப ரியாத்ல இருந்தம்மா. சுனாமி வந்தது ஞாயித்துக்கெழமை. மத்தியானத்துலேருந்து கடலோரத்து ஆளுங்க வேனு எடுத்துக்கினு வந்துட்டாங்க, துணி கேட்டு. உங்க தாத்தா காலத்துலேருந்தே சாவுக்குத் துணின்னா இந்தக் கடையில காசு வாங்கறதில்ல, எந்தச் சாதியா இருந்தாலும். அதை மொதலாளிதான் கிழிக்கணும், கத்தரி படக்கூடாது, மீட்டர் கம்பி படக்கூடாது, கைமுழம்தான். உங்க அத்தா வாசல்ல நின்னு எத்தனை பேரு, பெரியவங்களா சின்னவங்களான்னு கேப்பாரு. உள்ள வந்து கிழிப்பாரு. மூணு நாளு. சோறு இல்ல, தூக்கம் இல்ல. விரலெல்லாம் நூலு அறுத்து ரத்தம். சின்னவங்கதான் ஜாஸ்தி."

அவர் மேசைமேல் கிடந்த சின்னத் துணியைப் பார்த்தார்.

"மூணாம் நாளு சாயங்காலம் ஒரு மனுஷன் வந்தாரு. குப்பத்துக்காரரு. ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒரு துணி குடுங்கன்னாரு. வெள்ளைத் துணி தீந்துபோச்சு. ஒரு முழம்கூட இல்ல. உங்க அத்தா சொன்னாரு, காலையில கும்பகோணத்துலேருந்து கட்டு வந்துடும், வந்து வாங்கிக்குங்கன்னு. அந்த மனுஷன் சரின்னு போயிட்டாரு. காலையில கட்டு வந்துச்சு. மூணு முழம் கிழிச்சு வெச்சுக்கினு உக்காந்திருந்தாரு. அவுரு வரவே இல்ல. அப்புறம் கேள்விப்பட்டோம், அன்னிக்கி ராத்திரியே எல்லாரையும் ஒண்ணா ஒரே குழியில போட்டு மூடிட்டாங்களாம். அந்தப் பிள்ளைய உடம்புல ஒண்ணுமில்லாமதான் போட்டாங்களாம்."

அமீருன்னிசா மாமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "எங்கிட்டகூட எங்க அண்ணன் சொல்லலியே."

"யாருகிட்டயும் சொல்லலைங்க. ஒரு மாசம் கழிச்சு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட போய், வெள்ளை இல்லன்னா என்ன செய்யணும்னு கேட்டாரு. நான்தான் கூடப் போனேன். வெள்ளை நல்லது, ஆனா கலர் துணின்னாலும் கூடும், சுத்தமா இருந்தா போதும் பாய்னு ஹஜ்ரத் சொல்லிட்டாரு. உங்க அத்தா அங்கயே உக்காந்துட்டாரு. அந்த மனுஷன் வெள்ளைதான் வேணும்னு கேக்கவே இல்லம்மா. இவருதான் வெள்ளை இல்லன்னு அனுப்பிச்சாரு. அன்னிக்கி இந்தக் கடையில பொங்கலுக்குன்னு எறக்குன புதுத்துணி கூரை வரைக்கும் அடுக்கி இருந்துச்சு."

ஷட்டருக்கு வெளியே ஒரு ஆட்டோ போய்ச் சத்தம் அடங்கியது.

"புயல் அன்னிக்கி காத்து சத்தம் கேட்டு, கடலு வந்துடுச்சு கோவிந்தசாமின்னு என் கையைப் புடிச்சாரு. மறுநாள்லேருந்து ஆரம்பிச்சுட்டாரு. பாத்தா பைத்தியம்னு கொண்டுபோய் எங்கயாவது உட்டுடுவீங்களோன்னு எனக்குப் பயம். அதான் எடுத்து எடுத்து வெச்சேன். பிள்ளைய வெச்சு நீ பயப்படுவேன்னு தோணலம்மா. அது என் தப்பு."

நஜியா எழுந்து போய் அவர் கையில் சாவியை வைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இப்போது மகளைப் பற்றிப் பயம் இல்லை. தகப்பனைப் பற்றித்தான் கவலை.

"நாளைக்கு அந்த சென்னைக்காரங்க வருவாங்களே," என்றார் மாமி, குரல் இறங்கி.

"வரட்டும் மாமி. டீ குடுத்து அனுப்பலாம். கடையைக் குடுத்துட்டா அத்தா எங்க போய்க் கிழிப்பாரு?"

 மாமி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்போது முற்றத்துக் கதவு திறந்தது. அப்துல்லா தொப்பியோடு உள்ளே வந்தார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மகளையும் தங்கையையும் தாண்டி அவர் பார்வை வெளியாட்கள் இருவரிடமும் வந்து நின்றது.

"வந்துட்டீங்களா?" என்றார். "எத்தனை நாளா எடுத்து வெச்சிருக்கேன். ஏன் வரலை?"

நஜியா எழப் போனாள். திருநாவுக்கரசு வேண்டாமென்று கையைக் காட்டினார். என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்ன மனிதர்தான் அவர்.

யாரும் சொல்லாமலே சாமிக்கண்ணு எழுந்தார். மேசைக்கு முன்னால் போய், இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"வர முடியாமப் போச்சு பாய்," என்றார். "சின்னப் பிள்ளைக்குக் கேட்டிருந்தேன்."

"ஏழு வயசுன்னீங்க."

"ஆமா பாய். ஏழு வயசு."

அப்துல்லா துணியை எடுத்து, மடிப்பை ஒரு முறை நீவிவிட்டு, அந்தக் கைகளில் வைத்தார். வைத்த பிறகும் ஒரு முனையை விடவில்லை. ஏதோ யோசித்தார். பிறகு விறுவிறுவென்று முன்பக்கம் போய், நஜியா அடுக்கி வைத்திருந்த புதுத்துணிகளில் கைவிட்டு, குழந்தைகள் பாவாடைக்கென்று வந்த ரோஸ் நிறத் துணி ஒன்றை உருவினார். ஜரிகைப் பூ போட்டது. மூன்று முழம் அளந்து ஒரே இழுப்பில் கிழித்தார். அதைக் கொண்டுவந்து வெள்ளைத் துணிக்கு மேலே வைத்தார்.

"இதையும் சுத்துங்க. எந்தக் கலரா இருந்தா என்ன," என்றார். "கடை பூரா துணி இருக்கு."

சாமிக்கண்ணு இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.